மார்ஃபின் தாலுகா வரை வரட்டும்

மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம். என் மனைவிக்கு மார்பகப் புற்றுநோய், முதுகெலும்பு வரை பரவிவிட்டது. கீமோ போதும், இனி வீட்டிலேயே இருக்கிறேன் என்று அவளே சொல்லிவிட்டாள். டாக்டரும் சரி என்றார்.

வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ள முடியும் என்ற தைரியத்தைக் கொடுத்தது உங்கள் துறைதான். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில், வலியையும் அவதியையும் குறைக்கும் ஆதரவு சிகிச்சையும் உண்டு. அதில் வரும் சிஸ்டர், முதுகுக்கு அடியில் போர்வையை மடித்துக் கொடுத்து, அவளுக்கு வலிக்காமல் ஒருக்களித்துப் படுக்கவைக்க எனக்கும் மகளுக்கும் சொல்லிக்கொடுத்தார். கடும் வலிக்குக் கொடுக்கும் மார்ஃபின் மாத்திரை அபினிலிருந்து வருவது; அதன் பெயரைக் கேட்டதும் சொந்தபந்தங்கள் பயந்தார்கள். "அதைக் கொடுத்தா சீக்கிரம் போயிடுவாங்களாமே" என்று கேட்ட பெரியம்மாவை உட்காரவைத்து, வலிக்கு ஏற்ற அளவில் கொடுத்தால் அதனால் உயிர் போகாது, மலச்சிக்கல்தான் வரும், அதற்கும் கூடவே மருந்து தருவோம் என்று பொறுமையாக விளக்கியவரும் அவரே. அவரை மறக்க மாட்டோம்.

ஆனால் அந்த மாத்திரை அவர் பையில் இல்லை, எங்கள் தாலுகா ஆஸ்பத்திரியிலும் இல்லை. நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுக்க வேண்டிய மருந்துக்கு, படுக்கையில் இருப்பவளை விட்டுவிட்டு மாவட்டத் தலைநகருக்கு பஸ் ஏற வேண்டியிருக்கிறது. ஒருமுறை போனபோது ஸ்டோர் பொறுப்பாளர் லீவு, அலமாரிச் சாவி அவரிடம். வெறுங்கையோடு திரும்பினேன். அன்றிரவு அவள் தலையணை உறையைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். ஆம்புலன்ஸைக் கூப்பிடலாமா என்று பக்கத்து வீட்டில் கேட்டார்கள். ஆஸ்பத்திரி வேண்டாம் என்றவளை, ஒரு மாத்திரைக்காக அங்கே தூக்கிக்கொண்டு போக எனக்கு மனம் வரவில்லை.

சட்டம் குறுக்கே நிற்கிறது என்று இனியும் யாரும் சொல்ல முடியாது. முன்பு மார்ஃபின் வைத்திருக்கப் பல உரிமங்கள் வாங்க வேண்டியிருந்தது. 2014-இல் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தைத் திருத்திய பிறகு, அங்கீகரிக்கப்பட்ட மருத்துவ நிறுவனம் என்ற ஒரே அனுமதி போதும். வலி சிகிச்சையில் பயிற்சி பெற்ற டாக்டர் அங்கே இருக்க வேண்டும், கணக்கு ஒழுங்காக இருக்க வேண்டும், அவ்வளவுதான். கேரளா 2008-லேயே ஆதரவு சிகிச்சைக்கென்று கொள்கை வகுத்து, பஞ்சாயத்துகள் மூலம் வீட்டுப் பராமரிப்பைக் கொண்டுபோனது. வீடு வரை செவிலியரை அனுப்பும் நம்மால் மருந்தையும் அனுப்ப முடியும்.

தாலுகா ஆஸ்பத்திரி ஒவ்வொன்றிலும் ஒரு டாக்டருக்காவது இந்தப் பயிற்சி கொடுங்கள், அந்த அங்கீகாரத்தையும் வாங்கிக்கொடுங்கள். சாவி ஒரே ஆளிடம் இருக்கக் கூடாது. அப்புறம், ராத்திரியில் வலி கூடினால் இன்னொரு மாத்திரை கொடுக்கலாமா என்று கேட்க, விவரம் தெரிந்தவர் எடுக்கும் ஒரு போன் நம்பர் வேண்டும். இந்தக் கேள்வி பெரும்பாலும் பகலில் வருவதில்லை.

என் மனைவிக்கு அதிக நாள் இல்லை என்று சொல்லியிருக்கிறார்கள். அதனால் எங்கள் தாலுகாவிலிருந்தே தொடங்குங்கள் என்று கேட்கிறேன்.

இப்படிக்கு,
நோயாளியின் கணவர்