வானியல் ஆர்வலர் சங்கம்: 2025–26 செயலாளர் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

ஆண்டில் செயற்குழு நான்கு முறை கூடியது. 2025 செப்டம்பர் 7 இரவு நிகழ்ந்த முழுச் சந்திர கிரகணம் பொதுமக்களுக்குக் காட்டப்பட்டது. காவலூர் வைணு பாப்பு வானாய்வகத்துக்கு ஒரு நாள் சென்றுவந்தோம்.

நம் பால்வெளிக்கு வெளியே உள்ள ஸ்கல்ப்டர் என்னும் சிறிய விண்மீன் கூட்டத்தின் (குறு விண்மீன் மண்டலம்) தொலைவை அதன் விண்மீன்களைக் கொண்டே அளந்ததுதான் இவ்வாண்டின் முதன்மைப் பணி. எட்டு அங்குல ஆடியின் மறுபூச்சுக்கு ஒதுக்கிய தொகையில் பழைய கணினி வாங்கியதைப் பற்றிச் சிலர் வெளியில் பேசிவருவதாக அறிகிறேன். விளக்கத்தை இவ்வவையிலேயே பதிவுசெய்கிறேன். ஸ்கல்ப்டர் நம்மூரில் முன்னிரவில் உச்சிக்கு வருவது ஐப்பசி, கார்த்திகையில். அப்போது மழைமேகம் விலகுவதே அரிது. விலகினாலும், தொலைவை அளக்க உதவும் அங்குள்ள ஆர்.ஆர். லைரே வகை மாறொளி விண்மீன்களின் பொலிவெண் (எண் கூடக்கூட விண்மீன் மங்கல்) 20ஐத் தாண்டுவதால், எத்தனை பூச்சு இட்டாலும் அவை நம் ஆடிக்கு எட்டா. விண்மீன்களை அளவிட்ட ஐரோப்பியக் கையா விண்கலத்தின் 2022ஆம் ஆண்டுத் தரவுத் தொகுப்பில் அவை உள்ளன. அதற்குக் கட்டணமும் இல்லை; அத்தரவைக் கணக்கிடவே கணினி.

இடமாறு தோற்றத்தைக் (பூமி சூரியனைச் சுற்றுவதால் விண்மீன் சற்று இடம் மாறித் தோன்றும் கோணம்) கொண்டு நேரடியாகவே அளந்திருக்கலாமே என்று சென்ற கூட்டத்தில் ஓர் உறுப்பினர் கேட்டார். அத்தொலைவில் அக்கோணம் ஒரு விகலையில் (பாகையில் 3,600இல் ஒரு பங்கு) ஏறத்தாழ லட்சத்தில் ஒரு பங்கு. இவ்வளவு மங்கிய விண்மீனுக்குக் கையாவின் அளவைப் பிழையே அதைவிடப் பல மடங்கு பெரிது. ஆனால் ஒரு நாளுக்கும் குறைவான காலத்தில் பொலிவு ஏறி இறங்கும் ஆர்.ஆர். லைரே விண்மீன்களின் உண்மைப் பொலிவு ஏறத்தாழ ஒன்றே என்பதால், தோன்றும் பொலிவை அதனோடு ஒப்பிட்டால் தொலைவு கிடைத்துவிடுகிறது. தோன்றும் பொலிவெண் சராசரி 20.1, உண்மைப் பொலிவெண் (சுமார் 32.6 ஒளியாண்டுத் தொலைவில் வைத்தால் தோன்றுவது) 0.5 எனக் கொண்டதில் வேறுபாடு 19.6; அதாவது சுமார் 2,70,000 ஒளியாண்டு. வானியலாளர் கூறுவது 2,80,000ஐ ஒட்டி. உலோகச் செறிவு குறைந்த இவ்விண்மீன்கள் சற்றுக் கூடுதலாகவே ஒளிர்வன என்று கருதி 0.4 எனக் கொண்டிருந்தால் 2,84,000 வந்திருக்கும். 0.5ஐத் தேர்ந்தது நான், குறை என்னுடையதே.

ஆனால் எல்லாக் குறையும் என்னுடையதன்று. ஆளுக்குப் பத்து விண்மீன்களின் பொலிவு வளைவை வரைந்து அலைவுக்காலம் கண்டு தருவதாகப் பதினான்கு பேர் கையெழுத்திட்டுத் தாள் பெற்றனர். மூவர் திருப்பித் தந்தனர். அவற்றில் ஒன்றின் பின்புறம் மளிகைப் பட்டியல் இருந்தது. எஞ்சிய 110 விண்மீன்களையும் நானே, பெரும்பாலும் நள்ளிரவுக்குப் பின், முடித்தேன்.

வரவும் செலவும் ஏறக்குறைய ஈடாகவே உள்ளன. ரசீதுகளைப் பொருளாளரிடம் காணலாம். பாதிக்கு மேற்பட்டோரின் சந்தா பாக்கி வந்திருந்தால் மறுபூச்சும் நடந்திருக்கும், இவ்வளவு விளக்கமும் தேவைப்பட்டிராது. தலைவர், பொருளாளர், தணிக்கையாளர், இடம் தந்த பள்ளி நிர்வாகம் ஆகியோருக்கு நன்றி.

அடுத்த ஆண்டு என்.ஜி.சி. 6822 என்னும் மற்றொரு குறு விண்மீன் மண்டலத்தை எடுத்துக்கொள்ள எண்ணம். 1925இல் வானியலாளர் ஹபிள் அதன் செஃபீடு விண்மீன்களைக் (அலைவுக்காலத்தைக் கொண்டு உண்மைப் பொலிவை அறியத்தக்கவை) கொண்டு ஏழு லட்சம் ஒளியாண்டு என்றார். இன்றைய மதிப்போ சுமார் பதினாறு லட்சம். செம்பெருமீன்கள் (முதிர்ந்து பெருத்த சிவப்பு விண்மீன்கள்) எட்டும் உச்சப் பொலிவைக் கொண்டு அதை அளக்கலாம். தரவு மிகுதி என்பதால் கணினிக்குப் பெரிய வன்தட்டு வேண்டும். அதற்காக நான் யாரிடமும் கேட்கப்போவதில்லை. பொருளாளர் இன்று கூட்டம் முடியும்வரை ரசீதுப் புத்தகத்துடன் வாயிலருகே அமர்ந்திருப்பார்.

இப்படிக்கு,
செயலாளர்