'தித்தீனா' திரைப்படம்: பெற்றோருக்குத் தலைமையாசிரியரின் கடிதம்

தமிழ்ப் பாடசாலை, ஒஸ்லோ
ஏப்ரல் 2026

அன்புக்குரிய பெற்றோர்களுக்கு,

வணக்கம். மே 9, சனிக்கிழமை பிற்பகல், மூன்றாம் வகுப்பு முதல் ஏழாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்கு வழக்கமான பாடங்களுக்குப் பதிலாக 'தித்தீனா' என்னும் நோர்வே அசைவோவியத் திரைப்படத்தைப் பாடசாலை மண்டபத்தில் காட்டவிருக்கிறோம். வாரத்தில் மூன்று மணி நேரம் மட்டுமே தமிழ் படிக்கக் கிடைக்கும்போது அதில் பாதியை நோர்வேஜிய மொழிப் படம் ஒன்றுக்குக் கொடுப்பது சரிதானா என்று பெற்றோர் இருவர் என்னிடம் நேரில் கேட்டார்கள். நியாயமான கேள்வி. அவர்களுக்குச் சொன்ன பதிலைச் சற்று விரிவாக உங்கள் எல்லோருக்கும் எழுதுகிறேன்.

1926 மே 12 அன்று, வாயுவின் பலத்தில் மிதந்து செல்லும் 'நோர்கே' என்ற வான்கப்பல் வடமுனையின் மேலாகப் பறந்தது. வரும் மே மாதத்தில் அதற்கு நூறு ஆண்டுகள் நிறைவடைகின்றன. 106 மீட்டர் நீளமும் ஐதரசன் நிரப்பிய வயிறும் கொண்ட அந்தக் கப்பலை வடிவமைத்துச் செலுத்தியவர் இத்தாலியரான உம்பெர்த்தோ நொபிலே. பயணத்துக்குத் தலைமை தாங்கியவர், தென்முனையை முதலில் அடைந்த நம் நாட்டு ருவால் அமுன்சென். பணம் கொடுத்து உடன் வந்தவர் அமெரிக்கரான லிங்கன் எல்ஸ்வர்த். நோர்வேக்கு வடக்கே உள்ள ஸ்வால்பார்ட் தீவுகளிலிருந்து மே 11 அன்று புறப்பட்டு, முனையைக் கடந்து, மே 14 அன்று அலாஸ்காவின் டெல்லர் என்ற சிற்றூரில் இறங்கினார்கள். வடமுனையை ஐயத்துக்கு இடமின்றி அடைந்த முதல் பயணம் இதுவே என்று வரலாற்றாளர் பலர் கருதுகின்றனர். கப்பலில் 16 பேர் இருந்தார்கள். கூடவே, ரோம் நகரத் தெருவில் நொபிலே கண்டெடுத்து வளர்த்த ஒரு சிறிய பெண் நாயும் இருந்தது. அதன் பெயர்தான் தித்தீனா.

காய்சா நேஸ் இயக்கி 2022இல் வெளிவந்த இந்தப் படம் அந்த நாயின் கண்களால் கதையைச் சொல்கிறது. முனையில் மூன்று நாடுகளின் கொடிகளை மேலிருந்து போட்டவர்கள், தரைக்கு வந்ததும் பெருமை யாருக்கு உரியது என்று பிணங்கிக்கொண்டார்கள்; அமுன்சென் தம் தன்வரலாற்றில் நொபிலேயைக் கடுமையாகச் சாடினார். கொடியும் புகழும் நாய்க்கு எதற்கு? அதற்குத் தன்னைத் தூக்கி வளர்த்தவர் பக்கத்தில் இருந்தால் போதும். பெரிய மனிதர்களின் பிணக்கை அந்த நாயின் உயரத்திலிருந்து பார்க்க வைத்ததே இயக்குநரின் சிறந்த முடிவு என்பது என் எண்ணம். இடையிடையே அக்காலத்தில் எடுக்கப்பட்ட உண்மையான கறுப்பு வெள்ளைக் காட்சிகளும் வருகின்றன. அவற்றைக் காணும்போதுதான், தாம் பார்ப்பது கற்பனைக் கதை அன்று என்பது சிறு பிள்ளைகளுக்கு உறைக்கும்.

அந்தக் காட்சிகள் தவிர, படம் முழுவதும் கையால் வரையப்பட்ட இருபரிமாண ஓவியங்களால் ஆனது. அந்த உழைப்பைப் பிள்ளைகள் உணர வேண்டும் என்பதற்காகச் சென்ற வாரம் ஐந்தாம் வகுப்பில் சிறு பயிற்சி ஒன்று வைத்தோம். திரையில் ஒரு நொடிக்கு 24 சட்டகங்கள் ஓடுகின்றன. ஓர் ஓவியத்தை இரண்டு சட்டகங்களுக்கு நிறுத்துவது வழக்கமாகையால், ஒரு நொடிக்கு 12 ஓவியங்கள் வேண்டும். நாய் ஒன்று வாலாட்டுவதை 12 தாள்களில் வரையச் சொன்னோம். ஒரு மாணவி நாற்பது நிமிடம் தலை நிமிராமல் வரைந்து, தாள்களின் ஓரத்தைப் பெருவிரலால் சரசரவென்று விட்டுப் பார்த்தாள். வால் ஒருமுறை ஆடி நின்றது. "இவ்வளவுதானா, சேர்?" என்று கேட்டுவிட்டு, ஏழாவது தாளில் வாலைச் சற்றே தாழ்த்தி மறுபடியும் வரைய உட்கார்ந்தாள். ஒன்றரை மணி நேரப் படத்துக்கு இதே கணக்கில் 64,800 ஓவியங்கள் ஆகும் என்று கரும்பலகையில் பெருக்கிக் காட்டியபோது வகுப்பில் எழுந்த ஓசை இன்னும் என் காதில் இருக்கிறது.

தமிழுக்கு இதில் என்ன இடம் என்றால், படம் நோர்வேஜிய மொழியில் ஓடினாலும் அதன் முன்னும் பின்னும் நடக்கும் பேச்சு முழுவதும் தமிழில்தான். நம் பிள்ளைகள் பனியில் பிறந்து பனியில் வளர்ந்தவர்கள். ஆயினும் அதைப் பற்றித் தமிழில் பேசத் தொடங்கினால் இரண்டாம் வாக்கியத்திலேயே நோர்வேஜியத்துக்குத் தாவிவிடுகிறார்கள். குற்றம் அவர்களுடையது அன்று. முன்பனிக்காலம், பின்பனிக்காலம் என்று பருவத்துக்கே பெயர் வைத்த மொழியானாலும், புல் நுனியில் நிற்கும் துளியும் வானத்திலிருந்து விழும் வெண்துகளும் நமக்குப் பனியே. ஆகையால் பனிப்பொழிவு, உறைபனி, பனிக்கட்டி, கடலில் மிதக்கும் பனித்தளம் ஆகியவற்றைப் பிரித்துச் சொல்ல ஒரு சிறு சொற்பட்டியல் தயாரித்திருக்கிறோம். இவ்வாரம் பிள்ளைகளின் கொப்பிகளில் வரும்.

இனி, நான் இந்தக் கடிதத்தை எழுத முதற் காரணமான செய்திக்கு வருகிறேன். கதை 1926உடன் முடிவதில்லை. நொபிலே 1928இல் 'இத்தாலியா' என்ற இன்னொரு வான்கப்பலில் மீண்டும் முனைக்குச் சென்றார். திரும்பும் வழியில், மே 25 அன்று, அது பனித்தளத்தில் மோதியது. பத்துப் பேர் பனியில் வீசப்பட, அவர்களில் ஒருவர் அங்கேயே இறந்தார். பாரம் குறைந்த கப்பல், மீதி ஆறு பேருடன் மேலெழுந்து காற்றில் போய்விட்டது. அவர்கள் இன்றுவரை கிடைக்கவில்லை. பனியில் இருந்தவர்கள் கூடாரத்துக்குச் சிவப்புச் சாயம் பூசி, சிறிய வானொலிக் கருவி ஒன்றால் ஓயாமல் உதவி கேட்டார்கள். ஜூன் 3 அன்று வடரஷ்யாவின் ஒரு கிராமத்தில் நிக்கொலாய் ஷ்மித் என்ற இளைஞர் அதைக் கேட்டார். ஜூன் மாத இறுதியில் நொபிலேயும் தித்தீனாவும் சுவீடன் விமானம் ஒன்றில் மீட்கப்பட்டார்கள். மற்றவர்கள் ஜூலை 12 அன்று 'கிராசின்' என்ற பனியுடைப்புக் கப்பலால் மீட்கப்பட்டார்கள். உதவி தேடிப் பனியில் நடந்து சென்றவர்களில் ஒருவரும் இறந்துவிட்டதால், பதினாறு பேரில் உயிரோடு திரும்பியவர்கள் எட்டுப் பேர். இதற்கிடையே, ஜூன் 18 அன்று, தாம் அவ்வளவு கடிந்து எழுதிய அதே நொபிலேயைத் தேடி அமுன்சென் வடநோர்வேயின் ட்ரொம்சோ நகரிலிருந்து விமானத்தில் புறப்பட்டார். அந்த விமானத்தின் மிதவை ஒன்று மட்டும் பின்னர் கரைக்கு வந்தது. அவரும் உடன் சென்ற ஐவரும் வரவில்லை.

காணாமற்போனவர் என்ற சொல் நம் வீடுகளில் எத்தனை கனமானது என்பது எனக்குத் தெரியும். சுவரில் படம் மாட்டுவதா வேண்டாமா, மாலை போடுவதா வேண்டாமா என்று முடிவு செய்ய இயலாமல் பல ஆண்டுகளாக இருக்கும் குடும்பங்களின் பிள்ளைகளும் நம் வகுப்புகளில் இருக்கிறார்கள். "அந்த ஆறு பேரையும் தேடவில்லையா?" என்று படம் முடிந்ததும் ஒரு பிள்ளையாவது கேட்கும். தேடினார்கள், கிடைக்கவில்லை என்பதே உண்மையான விடை. அதற்கு அடுத்ததாக வரும் கேள்வி உங்கள் வீட்டைப் பற்றியதாக இருந்தால், அதற்கு ஆசிரியர் விடை சொல்வது முறையாகாது. எனவே, பிள்ளைகளை வாசலில் இறக்கிவிட்டுக் கடைக்குச் செல்லும் வழக்கத்தை அன்று ஒருநாள் தவிர்த்து, பெற்றோரில் ஒருவராவது மண்டபத்துக்குள் வந்து பிள்ளையின் பக்கத்து இருக்கையில் அமரும்படி அன்போடு வேண்டுகிறேன். படம் வேண்டாம் என்று கருதும் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு அடுத்த அறையில் ஓவிய வகுப்பு நடக்கும். காரணம் எதுவும் கேட்க மாட்டோம்.

வடநோர்வேயின் பின்மார்க் பகுதி மீன் தொழிற்சாலைகளில் வேலை செய்த பெற்றோரும் தாத்தா பாட்டிமாரும் கட்டாயம் வர வேண்டும். அந்த இரண்டு வான்கப்பல்களும் கட்டி நிறுத்தப்பட்ட இரும்புக் கம்பம் அங்குள்ள வாட்சோ நகரில் இன்றும் நிற்கிறது. அதன் அருகே நின்று எடுத்த பழைய படம் எவரிடமாவது இருந்தால் தயவுசெய்து கொண்டுவாருங்கள். 'நோர்கே' 1926 ஏப்ரலில் ஒஸ்லோவுக்கும் வந்து, கோடையில் நம் பிள்ளைகள் பந்தாடும் ஏக்கபர்க் மேட்டில் தங்கிச் சென்றது என்பதையும் அவர்களுக்குச் சொல்லுங்கள்.

மண்டபம் 12.45க்குத் திறக்கும், படம் 1 மணிக்குத் தொடங்கும். இடைவேளை இராது. படத்துக்குப் பின் சிற்றுண்டியும், அரை மணி நேரக் கலந்துரையாடலும் உண்டு. வருவோர் எண்ணிக்கையை மே 2ஆம் திகதிக்குள் வகுப்பாசிரியரிடம் தெரிவியுங்கள்.

இங்ஙனம்,
தலைமையாசிரியர்