ரெண்டு மாசம் கூட இல்லைன்னு ஜெஃபர்சன் லாங்கை ஒதுக்காதீங்க

எங்க பொண்ணு படிக்கிற ஸ்கூல் நிர்வாகத்துக்கும் ஹிஸ்டரி எடுக்கிற டீச்சர்களுக்கும் வணக்கம்.

அமெரிக்காவோட ஜார்ஜியா மாநிலத்துலேர்ந்து காங்கிரஸுக்கு, அதாவது அந்த நாட்டு நாடாளுமன்றத்துக்குப் போன ஒருத்தரைப் பத்தி ப்ராஜெக்ட் பண்ணச் சொன்னீங்க. அவ ஜெஃபர்சன் லாங் பேரைக் குடுத்தா. ரெண்டு மாசம் கூட பதவில இல்லாதவரு, வேற ஆளை எடுன்னு சொல்லிட்டீங்க. சார்ட்ல பென்சிலால வரைஞ்சிருந்த கத்தரிக்கோலை அழிச்சுட்டு ராத்திரி பேசாம உக்காந்திருந்தா, அதைப் பாத்துட்டுதான் எழுதுறேன்.

கத்தரிக்கோல் ஏன்னா அவர் மேக்கன் ஊர்ல டெய்லர். 1836-ல அடிமையா பொறந்து, தானாவே எழுதப் படிக்கக் கத்துக்கிட்டு, விடுதலைக்கு அப்புறம் சொந்தக் கடை வெச்சவர். அரசியல் பேச ஆரம்பிச்சதும் வெள்ளைக்கார கஸ்டமருங்க நிறைய பேர் கடைக்கு வர்றதை நிறுத்திட்டாங்க. ஒரு டெய்லருக்கு அது எவ்ளோ பெரிய அடின்னு யோசிச்சுப் பாருங்க, தைக்கத் துணி வந்தாதானே அன்னைக்கு அடுப்பு எரியும், அப்பவும் அவர் மேடையை விட்டு இறங்கல.

இப்ப அந்த ரெண்டு மாசக் கணக்குக்கு வர்றேன். 1868-ல ஜார்ஜியா சட்டசபை கறுப்பின உறுப்பினர்களை வெளிய அனுப்புச்சு, அப்புறம் 1870-லதான், உள்நாட்டுப் போர்ல பிரிஞ்சு போயிருந்த அந்த மாநிலத்தை யூனியன்ல, அதாவது அமெரிக்க ஒன்றியத்துல, திரும்பச் சேத்தாங்க, உங்களுக்குத் தெரியாததில்ல. அந்த டிசம்பர்ல தேர்தல் வெச்சப்ப முழு ரெண்டு வருஷ சீட்டுக்கு வெள்ளைக்காரங்களை நிறுத்திட்டு, முடியப்போற காங்கிரஸோட மிச்ச நாளை இவருக்குக் குடுத்தது இவரோட சொந்தக் கட்சிதான். 1871 ஜனவரி 16 பதவியேத்தார், மார்ச் 3 முடிஞ்சுது. நாள் கம்மியானது அவர் தப்பா? அவருக்குப் பண்ணின அநியாயத்தையே காரணமா காட்டி இப்ப நீங்களும் ஒதுக்கினா எப்படிங்க?

அந்தக் கொஞ்ச நாள்லயே பிப்ரவரி 1-ந்தேதி எழுந்து பேசினார். ஹவுஸ்ல, அதாவது காங்கிரஸோட கீழ்சபைல, ஒரு கறுப்பின உறுப்பினர் பேசின முதல் பேச்சு அதுதான். போர்ல பிரிஞ்சு போன தென் மாநிலங்களோட கூட்டமைப்பு பக்கம் நின்னவங்களுக்குப் பதவிக்கு வர வழியைச் சுலபமாக்கிற ஒரு மசோதாவை எதிர்த்துப் பேசினார், கு க்ளக்ஸ் க்ளான்ங்கிற வெள்ளை இனவெறிக் கும்பல் எங்க ஆளுங்களைக் கொன்னுட்டிருக்கு, அவங்க கைல அதிகாரத்தைக் குடுக்காதீங்கன்னு கேட்டார். யாரும் கேக்கல, மசோதா பாஸ் ஆச்சு. அவருக்கு அப்புறம் ஜார்ஜியாவிலேர்ந்து இன்னொரு கறுப்பினத்தவர் ஹவுஸுக்குள்ள போனது 1973-ல, ஆண்ட்ரூ யங். 100 வருஷம் தாண்டிடுச்சு.

பொதுவாவே பாக்குறேன், எத்தனை டெர்ம் ஜெயிச்சார், எந்தக் கமிட்டித் தலைவர்னு அளந்துதான் பிள்ளைங்களுக்குப் பாடம் நடத்துறோம். உள்ள விடாம தடுத்தவங்க நாப்பது வருஷம் சீட்ல இருந்தா பெரிய ஆளு, தடுக்கப்பட்டவன் பேரு பக்கத்துல கூட வராது. இது எனக்கு உண்மையாவே வலிக்குது. சரி, கேக்க வந்ததைக் கேட்டுடுறேன்.

அந்தத் தலைப்பை அவளுக்குத் திருப்பிக் குடுங்க. முடிஞ்சா கிளாஸ்ல எல்லாப் பிள்ளைங்களுக்கும் ஒரு பீரியட் அவரைப் பத்திச் சொல்லுங்க. திங்கக்கிழமை அவ மறுபடியும் அதே பேரைத்தான் எழுதிக்கிட்டு வருவா, தயவுசெஞ்சு வாங்கிக்கங்க.

இப்படிக்கு,
எட்டாம் கிளாஸ் படிக்கிற பிள்ளையோட அம்மா