பழைய கார்களுக்கு நெல்லையில் ஒரு பட்டறை வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

அப்பா ஓட்டிய அம்பாசிடரை டவுனில் ஒரு டிங்கர் பட்டறையில் விட்டிருந்தேன். தகர ஷெட்தான். மரச்சுத்தியலால் தட்டித் தட்டியே கதவை நிமிர்த்திவிட்டார் அந்தப் பெரியவர். ஆனால் பக்கத்தில், பள்ளம் அடைக்கப் பூசும் பட்டியைத் தேய்த்த தூசி ஈரப் பெயின்டில் ஒட்டிக்கொண்டது. மூன்று தடவை உரசி மறுபடி அடித்தார். குறை அவர் கையில் இல்லை, கட்டடத்தில்.

அம்பாசிடர் உற்பத்தி 2014-ல் நின்றது. சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு இப்போது கண்ணில் படுவதே அபூர்வம். கோவையில் ஜி.டி. கார் அருங்காட்சியகம் இருக்கிறது. நெல்லைக்கு, வேலை நடப்பதையே மக்கள் பார்க்கும்படியான பட்டறை வளாகம் வேண்டும்.

பழைய பஞ்சாலைகளைப் போல ரம்பப்பல் வடிவில் கூரை போட்டு, அதில் வடக்குப் பார்த்த ஜன்னல்கள் வழியே வெளிச்சம் எடுக்கலாம். சீரான வெளிச்சத்தில்தான் தகட்டின் நெளிவு பிடிபடும். ஆனால் நம்மூரில் சித்திரையிலிருந்து ஆவணி பாதிவரை உச்சிவெயில் வடக்கே சாயும். அந்த ஜன்னல்களுக்குச் சன்ஷேடு அவசியம். பெயின்ட் அறை தனியாக, வடிகட்டிய காற்றோடு இருக்கட்டும். ஆடிக் காற்று மண்ணை வாரியடிக்கும் மேற்குப் பக்கம் அதற்கு வாசல் வைக்கவே கூடாது. பார்வையாளர்கள் கண்ணாடிக்கு இந்தப்புறம் நடக்கட்டும். தரை கழுவும் தண்ணீரில் ஆயிலைப் பிரிக்கத் தொட்டி கட்டாயம். தாமிரபரணியில் ஒரு சொட்டுகூடக் கலக்கக்கூடாது.

அந்தப் பெரியவரிடம் இன்று வேலை பழக ஒருவரும் இல்லை. பேட்டை ஐ.டி.ஐ. மாணவர்களுக்கு அவரைப் போன்றவர்கள் சொல்லிக்கொடுக்க, அந்த வளாகத்தில் முதல் அறையை ஒதுக்குங்கள்.

– ஒரு வாசகர், பாளையங்கோட்டை