பெரிய கிராமமாம்!

ஆசிரியர் அவர்களுக்கு,

ஞாயிறு இதழில் நகர மானிடவியல், அதாவது நகரத்துச் சனம் எப்படி வாழ்கிறது என்று ஆராயும் படிப்பு, பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். யாழ்ப்பாணம் நகர வேடம் போட்ட பெரிய கிராமமாம், ஆராய அதிகம் இல்லையாம். சரி, எழுதியவர் படித்தவர். நான் அப்பாவுக்குப் பிறகு பெரியகடைப் பக்கம் தேத்தண்ணிக்கடை நடத்துகிறவன்.

1930களில் பொஸ்டனில் இத்தாலியர் வாழ்ந்த பகுதியை ஆராயப் போன அமெரிக்க ஆய்வாளர் வில்லியம் வைட், அங்கேயே ஒரு குடும்பத்தோடு தங்கி, இத்தாலிய மொழி படித்து, சந்திப் பெடியங்களோடு வருடக்கணக்கில் திரிந்தார் என்று அதே கட்டுரை புகழ்கிறது. எங்கள் ஊருக்கு மட்டும் ஹோட்டல் யன்னல் போதுமாக்கும்.

தேத்தண்ணிக்கடை வாங்கில் சாதி பாராமல் எல்லாரும் சமமாக இருந்து குடிப்பதற்கு, சாதி பார்த்து ஒதுக்குவதைத் தடுக்க 1957இல் சட்டம் வந்த பிறகும் 60களில் குடாநாட்டில் சனம் போராடவேண்டி இருந்தது உங்களுக்குத் தெரியாததல்ல. இன்றைக்கும் என் கடையில் யார் யாருக்குப் பக்கத்தில் இருக்கிறார், யார் வாங்கு காலியாக இருந்தும் நின்றபடி குடித்துவிட்டுப் போகிறார் என்று ஒரு மாதம் வந்து பார்க்கட்டும், ஒரு பட்டத்துக்குக் காணும். 1990 ஒக்டோபரில் முஸ்லிம்களைப் புலிகள் இரண்டு மணித்தியாலத்தில் வெளிக்கிடச் சொன்னார்கள். எதிரில் இரும்புக்கடை வைத்திருந்தவரும் அப்படித்தான் போனார், என் அப்பாவிடம் கடன் கொப்பியைக்கூடக் காட்ட நேரமில்லை. 1995இல் மிச்ச நகரமும் வெறுமையாகி, நாங்களும் தென்மராட்சிக்கு நடந்தோம். திரும்பி வந்த பிறகு யாருடைய கடையை யார் திறந்தார், யாருடைய வளவில் யார் குடியிருந்தார், பழைய சொந்தக்காரர் வந்து படலையில் நின்றபோது என்ன பேசிக்கொண்டார்கள் என்பதெல்லாம் நகர வாழ்க்கை இல்லையென்றால் எது?

ஆராய்ச்சிக்காரர் வராமலும் இல்லை. கடை நிறைந்திருக்கும் நேரமாகப் பார்த்து ரெக்கோடரோடு வருவார்கள், என் சாதி என்ன என்று சுற்றிச் சுற்றிக் கேட்பார்கள், தேத்தண்ணிக்குக் காசும் வைக்கமாட்டார்கள். அப்புறம் ஆள் லண்டனில். எழுதியதை நாங்கள் கண்ணால் கண்டதில்லை.

மாரியில் எங்கள் ஒழுங்கை வாய்க்கால் பொங்கிக் கடைக்குள் வருவதைப் பற்றி முன்பு உங்களுக்கு எழுதினேன். பாதியை வெட்டி, 'வாசகர் ஒருவர்' என்று போட்டீர்கள். பெருந்தன்மைதான்.

நான் கேட்பது பெரிய விஷயமில்லை. இங்கே வந்து ஆராய்கிறவர்கள் தங்கள் ஆய்வின் தமிழ்ப் பிரதி ஒன்றைப் பொது நூலகத்துக்குக் கொடுக்கவேண்டும் என்று உங்கள் பத்திரிகையில் எழுதுங்கள். 1981க்குப் பிறகு அந்த நூலகத்துக்கு என்ன தேவை என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இடம் போதாவிட்டால் வாய்க்கால் கதையை வெட்டுங்கள், அதை வெட்டிப் பழக்கம்தானே.

பெரியகடைவாசி,
யாழ்ப்பாணம்