டர்பன் சாட்ஸ்வொர்த் பள்ளி நிர்வாகக் குழுக்களில் இருக்கும் பெற்றோருக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

தலைமையாசிரியருக்கோ கல்வித் துறைக்கோ எழுதாமல் இதை உங்களுக்கு எழுதக் காரணம் உண்டு. தென்னாப்பிரிக்காவின் 1996ஆம் ஆண்டுப் பள்ளிச் சட்டப்படி நிர்வாகக் குழுவில் பெற்றோர்தான் பெரும்பான்மை. கட்டணம், சீருடை, சுற்றுச்சுவர் எல்லாம் பேசுகிறீர்கள். பிள்ளைகளின் புராஜெக்ட் பற்றியும் ஒரு கூட்டத்தில் பேசுங்கள்.

நடப்பது உங்களுக்குத் தெரியாததில்லை. ஞாயிறு ராத்திரி எட்டு மணிக்கு, "அம்மா, நாளைக்கு புராஜெக்ட் கொடுக்கணும்" என்று குரல் வரும். பள்ளியில் கொடுத்த தாள் பல நாளாகப் பையின் அடியில், சாப்பாட்டு டப்பாவுக்குக் கீழே கசங்கிக் கிடந்திருக்கும். அப்புறம் அப்பா பிரிண்டரோடு மல்லுக்கட்டுவார், அம்மா சார்ட்டில் கோடு போடுவாள், அக்கா தலைப்பை வண்ணத்தில் எழுதுவாள். புராஜெக்டுக்கு உரிய பிள்ளை சோபாவில் தூங்கிப்போயிருக்கும். மறுநாள் வகுப்பில் ஆசிரியர் திருத்துவது குடும்பங்களின் கைவேலையை. பிரிண்டர் இல்லாத வீட்டுப் பிள்ளையும், அம்மா நைட் ஷிஃப்ட் போகும் வீட்டுப் பிள்ளையும் அந்தப் போட்டியில் எங்கே நிற்க முடியும்?

நாலாம் வகுப்பு வரலாற்றுப் பாடத்தில் முதல் தவணைக்கு உள்ளூர் வரலாறு, இரண்டாவதற்குத் தலைவர்கள்: மண்டேலா, காந்தி. நல்ல தலைப்புகள்தான். நம் ஊருக்கு இதைவிடப் பொருத்தமாக எதைக் கொடுக்க முடியும்! காந்தி 1904இல் அமைத்த ஃபீனிக்ஸ் குடியிருப்பு டர்பனிலேயே இருக்கிறது. அவர் நடத்திய 'இந்தியன் ஒப்பீனியன்' பத்திரிகை தொடக்கத்தில் தமிழிலும் வந்தது. இவ்வளவு பக்கத்தில் இருந்தும் வகுப்புச் சுவரில் தொங்குவது இணையத்திலிருந்து எடுத்த அதே நாலு படங்கள்.

என் மகள் உள்ளூர் வரலாற்றுக்குப் பக்கத்து வீட்டு ஆயாவிடம் போனாள். ஆயா பிறந்தது மேகசின் பாரக்ஸில். டர்பன் நகராட்சி தன் இந்தியத் தொழிலாளர்களைக் குடிவைத்திருந்த இடம் அது. 1960களில் இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தின் கீழ் அங்கிருந்தவர்களைச் சாட்ஸ்வொர்த்துக்குக் கிளப்பினார்கள். மகள் கேட்டது ஒரே கேள்விதான்: "லாரியில் முதலில் எதை ஏற்றினீர்கள், ஆயா?" அம்மிக்கல்லை என்றார். சாமி விளக்கை மட்டும் லாரியில் ஏற்றவில்லை, அவருடைய அம்மா மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாராம். புது வீட்டில் தனிக் குழாய் இருந்ததாம். ஆனால் பழைய பொதுக் குழாயடியில் பேசிக்கொண்டிருந்தவர்கள் யார் யார் சாட்ஸ்வொர்த்தில் எந்த யூனிட்டில், அதாவது எந்தப் பகுதியில், போய் விழுந்தார்கள் என்று தெரியவே வருஷங்கள் ஆயினவாம். இதையெல்லாம் மகள் பென்சிலில், கோணல் எழுத்தில் எழுதினாள். லாரியையும் அவளே வரைந்தாள், சக்கரம் சதுரமாக வந்தது. "படங்கள் போதாது, நேர்த்தி இல்லை" என்று மதிப்பெண் குறைந்து வந்தது. மதிப்பெண் போனால் போகிறது. ஆனால் அடுத்த முறை அவள் ஆயாவிடம் போகவில்லை, என்னிடம் பிரிண்ட் கேட்டாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

ஆசிரியர்களைக் குறை சொல்லவில்லை. நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில், எது பிள்ளை செய்தது, எது வீட்டில் செய்தது என்று துருவிக்கொண்டிருக்க நேரம் ஏது? அதனால்தான் மதிப்பெண் போடும் முறையையே மாற்றச் சொல்கிறேன். அலங்காரத்துக்கு மதிப்பெண் வேண்டாம். அதற்குப் பதில் ஒவ்வொரு பிள்ளையும் தன் புராஜெக்ட் பற்றி வகுப்பில் இரண்டு நிமிஷம் பேசட்டும். அப்பா செய்ததை வைத்துக்கொண்டு இரண்டு நிமிஷம் பேச எந்தப் பிள்ளையாலும் முடியாது, உடனே தெரிந்துவிடும். இடையில் ஒரு நாள் குறித்து, பாதி வேலையைக் கொண்டுவந்து காட்டச் சொன்னால் ஞாயிறு ராத்திரிக் கூத்து தானாகக் குறையும். காசு கொடுத்து எதுவும் வாங்கக் கூடாது, வீட்டில் கிடக்கும் அட்டையும் பழைய பத்திரிகையும் போதும் என்று தாளிலேயே அச்சடித்துவிடலாம்.

நம் பக்கமும் வேலை இருக்கிறது. தாள் வந்த அன்றே அதைப் பிள்ளையோடு உட்கார்ந்து படிப்பது, ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டுவது, எந்த நாளில் எதை முடிப்பது என்று பிள்ளையின் கையாலேயே எழுதச் சொல்வது, நூலகத்துக்கோ ஆயா வீட்டுக்கோ கூட்டிப்போவது. பிளேடு பிடிக்க வேண்டிய இடத்தில் நாம் பிடிக்கலாம். பேனா பிடிக்கக் கூடாது. பக்கத்தில் உட்கார்ந்து கை துறுதுறுக்கச் சும்மா இருப்பது லேசில்லை, எனக்கும் தெரியும்.

மூன்றாம் தவணை ஜூலையில் தொடங்குகிறது. அப்போது நாலாம் வகுப்புக்குப் போக்குவரத்தின் வரலாறு வரும். இந்திய ஒப்பந்தத் தொழிலாளர்களை முதன்முதலாக ஏற்றிக்கொண்டு சென்னையிலிருந்து வந்து 1860 நவம்பர் 16இல் டர்பனைத் தொட்ட ட்ரூரோ கப்பலைச் செய்ய அப்பாமார்கள் இப்போதே தெர்மாகோல் தேடத் தொடங்கிவிடுவார்கள். அதற்கு முன் நடக்கும் கூட்டத்தில் இதை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கக் குறிப்பாக எழுதித் தர வேண்டுமென்றால் சொல்லுங்கள், தருகிறேன்.

இப்படிக்கு,
நாலாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் அம்மா