கொம்பையும் காலையும் விளங்கவைத்தவர்களுக்கு

அன்புள்ள வகுப்புத் தோழர்களுக்கும் தோழிகளுக்கும், உங்களுக்குத் துணைநின்ற எல்லோருக்கும் வணக்கம்.

பி.எட். வகுப்பில் குழு விளக்கவுரை என்றால் வழக்கமாக என்ன நடக்கும் என்பது நமக்குத் தெரியும். ஒரு குழு வரிசையாக வந்து நிற்கும். ஒருவர் திரையைப் பார்த்து வாசிப்பார், மற்றவர்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். பிறகு கைதட்டல், அகமதிப்பீட்டு மதிப்பெண், அதோடு மறதி. எல்லாப் பிள்ளைகளையும் ஒரே வகுப்பில் சேர்த்துக் கற்பிக்கும் ‘உள்ளடக்கிய கல்வி’ப் பாடத்துக்காக, ஆட்டிசம் (பிறரோடு பழகுவதும் பேச்சும் வேறுபட்டிருக்கும் வளர்ச்சி நிலை) பற்றியும் கற்றல் குறைபாடு பற்றியும் நீங்கள் நடத்திய அமர்வுகளும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிடக் கூடாது. அதனால்தான் இந்த நன்றியை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். நம் வடசென்னையில் தண்டையார்பேட்டையிலோ வியாசர்பாடியிலோ இருக்கும் ஒரு தாய் இதைப் படித்தால் இன்னும் மகிழ்ச்சி.

முதல் நன்றி எழுத்துக் குழுவுக்கு. (கற்றல் குறைபாட்டுக் குழு என்பதே பதிவேட்டில் உள்ள பெயர். நான் வைத்த பெயர்தான் பொருத்தம்.) டிஸ்லெக்சியா, அதாவது வாசிப்பதிலும் எழுதுவதிலும் வரும் கற்றல் குறைபாடு என்றாலே ஆங்கில ‘பி’யையும் ‘டி’யையும் குழந்தை மாற்றி எழுதும் என்றுதான் நம் கைக்கு வரும் குறிப்புகளெல்லாம் தொடங்குகின்றன. மாநகராட்சிப் பள்ளியில் தமிழ்வழியில் படிக்கும் பிள்ளைக்கு அதனால் என்ன பயன்? நீங்கள் கரும்பலகையில் ‘கொ’ என்று மட்டும் எழுதிவிட்டுத் திரும்பினீர்கள். காதில் முதலில் விழுவது ககர ஒலி, அதன் பிறகே ஒகரம். கண்ணில் முதலில் படுவதோ ஒற்றைக்கொம்பு, அடுத்து க, அதற்கும் அடுத்துக் கால். ஒரே உயிரொலியின் குறி இரண்டாகப் பிரிந்து மெய்க்கு இருபுறமும் நிற்கிறது. கு, சு, து, மு, ரு என்று எழுதிக் காட்டி, உகரம் ஒவ்வொன்றிலும் எப்படி வெவ்வேறு விதமாக ஒட்டிக்கொள்கிறது என்று கேட்டீர்கள். கடல், பகல், சங்கு மூன்றிலும் எழுத்து ஒன்று, ஒலி வேறு. ‘கௌ’வில் கடைசியாக நிற்பது குறி, ‘களம்’ என்ற சொல்லின் நடுவில் நிற்பது எழுத்து, பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். ஒலியையும் வடிவத்தையும் இணைப்பதிலேயே சிரமப்படும் ஒரு பிள்ளை இத்தனையையும் தாண்டித்தான் ‘கொக்கு’ என்று வாசிக்கிறது.

அதைவிடப் பெரிய செய்தி அடுத்து வந்தது. தமிழில் எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவு ஆங்கிலத்தில் இருப்பதைவிட ஒழுங்கானது. ஆகவே இங்கே டிஸ்லெக்சியா உள்ள பிள்ளை பலநேரம் தப்பாக வாசிப்பதில்லை, மிக மெதுவாக வாசிக்கிறது. இத்தாலியம், ஸ்பானியம் போன்ற மொழிகளிலும் இப்படித்தான் என்றீர்கள். பிழைகளை மட்டும் எண்ணிக்கொண்டிருக்கும் ஆசிரியர் கண்ணில் இந்தப் பிள்ளை படவே படாது. ‘சோம்பேறி’ என்று முன்னேற்ற அறிக்கையில் எழுதப்படும் பிள்ளைகளில் சிலர் யார் என்று எனக்கு அன்றுதான் பிடிபட்டது.

1896-ல் இங்கிலாந்து மருத்துவர் பிரிங்கிள் மார்கன் எழுதிவைத்த 14 வயதுச் சிறுவனின் கதையையும் நீங்கள்தான் சொன்னீர்கள். பெர்சி என்ற தன் பெயரையே எழுத்து இடம் மாறி எழுதிய அந்தப் பையனைப் பற்றி, எல்லாப் பாடமும் வாய்மொழியாகவே நடந்தால் பள்ளியிலேயே இவன்தான் கெட்டிக்காரன் என்று அவனுடைய ஆசிரியர் சொல்லியிருக்கிறார். நூறு வருடங்களுக்கும் மேலாகிவிட்டது. நாம் இன்னும் வாய்மொழித் தேர்வு என்றால் முகம் சுளிக்கிறோம்.

மணல் வாளிக்கும் நன்றி. காசிமேட்டுப் பக்கத்திலிருந்து வரும் தோழி கடற்கரை மணலைச் சலித்து எடுத்துவந்து தட்டில் பரப்பினார். ஒலியைச் சொல்லிக்கொண்டே விரலால் எழுத வேண்டும். கண், காது, விரல் மூன்றும் ஒரே நேரத்தில் வேலை செய்யும். அமெரிக்காவில் ஆர்ட்டன், கில்லிங்காம் என்ற இருவரின் பெயரால் வழங்கும் பயிற்சி முறைக்கு இதுதான் அடிப்படை. நம் திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் மணலில்தானே எழுதிப் பழகினார்கள் என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் சொன்னார். அதற்காக நம் முன்னோர்கள் டிஸ்லெக்சியாவுக்கு அன்றே மருந்து கண்டார்கள் என்று கிளம்பிவிடாமல் ‘ஆமாம், அந்தப் பழக்கம் இதற்கும் உதவும்’ என்று நிறுத்திக்கொண்டீர்களே, அந்த நிதானத்தைப் பாராட்டுகிறேன்.

ஐன்ஸ்டீன் படத்தை எடுத்துவிட்டதற்கும் தனியாக நன்றி சொல்ல வேண்டும். ஒத்திகையில் அந்தப் படம் இருந்ததாம். அவருக்கு டிஸ்லெக்சியா இருந்தது என்பதற்குச் சரியான ஆதாரம் இல்லை என்று உங்களில் ஒருவர் பிடிவாதம் பிடித்தாராம். இருந்தால்தான் என்ன? மேதையாக வரப்போகாத பிள்ளைக்கும் தேர்வில் கூடுதல் நேரம் வேண்டும் அல்லவா?

கணக்குப் பகுதியை நடத்திய தம்பிக்கும் ஒரு வார்த்தை. மீன் சந்தையில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து சில்லறைக் கணக்கை நொடியில் சொல்லும் பையன் பரீட்சைத் தாளில் பூஜ்யம் வாங்குகிறான் என்றால் உடனே டிஸ்கால்குலியா (கணக்கில் வரும் கற்றல் குறைபாடு) என்று முத்திரை குத்தாதீர்கள், அவனால் கேள்வியை வாசிக்க முடிகிறதா என்று முதலில் பாருங்கள் என்றீர்கள். பார்வை, செவித்திறன், பள்ளிக்கு வராத நாட்கள் ஆகியவற்றைப் பார்த்த பிறகுதான் கற்றல் குறைபாடு என்ற பேச்சே வர வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொன்னீர்கள். மாலையில் என் வீட்டுக்கு டியூஷனுக்கு வரும் பிள்ளைகளில் ஒருவனுக்கு இப்போது கேள்வியை நான் வாசித்துக் காட்டுகிறேன். அவன் வாயால் பதில் சொல்கிறான். மதிப்பெண் கூடிவிட்டது என்றெல்லாம் கதை விட மாட்டேன். அழுகை குறைந்திருக்கிறது, அவ்வளவுதான்.

அடுத்தது ஆட்டிசம் குழு. நீங்கள் செய்ததைவிடச் செய்யாமல் விட்டதற்கு என் முதல் நன்றி. நாடகம் போடலாம், யாராவது ஒருவர் ஆட்டிசக் குழந்தையாக நடிக்கலாம் என்று வந்த யோசனையை நீங்கள் மறுத்துவிட்டீர்கள். கையை உதறுவதையும் முன்னும் பின்னும் ஆடுவதையும் மேடையில் செய்தால் வகுப்பு சிரிக்கும், சிரிக்காவிட்டாலும் பரிதாபப்படும், இரண்டும் வேண்டாம் என்றீர்கள். அதற்குப் பதிலாக எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகளின் இரைச்சலைப் பதிவுசெய்து, அதை முழு ஒலியில் ஓடவிட்டபடி எங்களை ஒரு பத்தி எழுதச் சொன்னீர்கள். ஒலியை நிறுத்தியதும், ‘ஒரு குழந்தையின் அனுபவம் இதனால் உங்களுக்கு வந்துவிடாது, ஏன் காதைப் பொத்திக்கொள்கிறது என்று கேட்கும் பொறுமை வந்தால் போதும்’ என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள்.

வரலாற்றுப் பகுதியும் வெறும் ஆண்டுப் பட்டியலாக இல்லை. மாஸ்கோவின் பெண் மருத்துவர் குரூன்யா சுகரேவா 1925-லேயே இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பற்றி எழுதியிருந்தும் உலகம் நெடுங்காலம் கவனிக்கவில்லை. 1943-ல் அமெரிக்காவில் லியோ கன்னர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரைதான் பேசப்பட்டது. அதன்பின் பாசமற்ற தாய்தான் காரணம் என்ற கருத்து பரவியது. ஆட்டிசம் உள்ள மகனின் தந்தையான பெர்னார்ட் ரிம்லண்ட் 1964-ல் அதை மறுத்து நூல் எழுதினார். இங்கே வந்ததும் நீங்கள் நிறுத்தி, நம் தெருவில் தாய்மார் கேட்கும் பேச்சுகளை வரிசையாகப் படித்தீர்கள்: கிரகணத்தில் வெளியே போனாய், செல்போனைக் கையில் கொடுத்தாய், குழந்தையை விட்டுவிட்டுக் கம்பெனி வேலைக்குப் போனாய். வகுப்பில் ஒரு சத்தமும் இல்லை. தடுப்பூசியால்தான் ஆட்டிசம் வருகிறது என்ற பழியையும் நீங்கள் விடவில்லை. 12 குழந்தைகளை வைத்து 1998-ல் வெளிவந்த அந்த ஆய்வுக் கட்டுரையை, அதை வெளியிட்ட மருத்துவ இதழே 2010-ல் திரும்பப் பெற்றுக்கொண்டது.

தன் பெயரை எங்கும் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட அம்மாவுக்கு எல்லோர் சார்பிலும் நன்றி. வளர்ந்த மகனைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் விட்டுவிட்டு வந்து, எங்கள் கேள்விகளுக்கெல்லாம் சலிக்காமல் பதில் சொன்னார். பேச்சு வராத மகனுக்குப் பட அட்டைகள் செய்தபோது எல்லோரும் தண்ணீர், சோறு, கழிப்பறை என்றுதான் யோசனை சொன்னார்களாம். ‘வேண்டாம்’ என்ற அட்டை வந்த பிறகுதான் வீட்டில் கடிப்பதும் தட்டை வீசுவதும் குறைந்தன என்றார். அட்டை கொடுத்தால் பேச்சே வராமல் போய்விடும் என்ற பயத்துக்கு ஆதாரமில்லை என்பதையும் குழு உடனே சொல்லிவிட்டது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாத குழந்தை, வேண்டியதைச் சுட்டிக் காட்டாமல் நம் கையைப் பிடித்து இழுத்துப்போகும் குழந்தை: இவர்களை ‘இவன் தாத்தாவும் தாமதமாகத்தான் பேசினார்’ என்று சொல்லிக் காத்திருக்காமல், காது பரிசோதனையோடு தொடங்கிக் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள் என்பதே அந்த அம்மாவின் கோரிக்கை. குணப்படுத்துகிறோம் என்று பலகை மாட்டி ஸ்டெம் செல் ஊசிக்குப் பணம் கேட்பவர்களிடம் போகாதீர்கள் என்றும் சொன்னார். ஆட்டிசத்தைக் குணப்படுத்தும் மருந்து எதுவும் கிடையாது. பேச்சுப் பயிற்சி, அன்றாட வேலைகளைப் பழக்கும் செயல்முறைப் பயிற்சி, ஒத்துழைக்கும் பள்ளி, இவை போன்றவைதான் உண்டு.

சட்டக் குழுவினரே, கோபிக்க வேண்டாம். திரையை அப்படியே வாசித்தீர்கள். ஆனாலும் மாற்றுத்திறனாளிகளுக்கான 1995-ம் ஆண்டுச் சட்டத்தின் 7 குறைபாட்டு வகைகளில் ஆட்டிசமும் இல்லை, கற்றல் குறைபாடும் இல்லை, 2016-ம் ஆண்டுச் சட்டத்தின் 21 வகைகளில் இரண்டும் உண்டு என்பது மனதில் பதிந்துவிட்டது. உங்கள் வரைபடம் அதைவிட நன்றாக இருந்தது. முட்டுக்காட்டில் மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசின் தேசிய நிறுவனம், கோட்டூர்புரத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கான வித்யாசாகர் தொண்டு நிறுவனம், தியாகராய நகரில் மெட்ராஸ் டிஸ்லெக்சியா சங்கம் என்று புள்ளி வைத்து, எல்லாவற்றையும் சென்னையின் வடக்கே இருக்கும் திருவொற்றியூரோடு கோடிழுத்து இணைத்தீர்கள். கோடுகள் எல்லாம் தெற்கே போயின. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுக் குழந்தையோடு பஸ் மாறி மாறிப் போகிறவர்களுக்கு அந்தக் கோட்டின் நீளம் தெரியும். அருகிலேயே ஸ்டான்லி மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவில் தொடங்கலாம், அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரைக் கேட்கலாம் என்று கேள்வி நேரத்தில் நீங்கள் சொன்னது பலருக்குப் புதிது.

பேசிய நேரத்துக்குச் சமமாகக் கேள்வி நேரமும் இருக்க வேண்டும் என்று கறாராக நின்ற பேராசிரியர் அம்மாவுக்கும், வண்ணப் பிரதிகளுக்குக் கடன் சொல்லியும் முகம் கோணாத ஜெராக்ஸ் கடைக்காரருக்கும், புரொஜெக்டர் மக்கர் செய்தபோதெல்லாம் ஓடிவந்த அலுவலக உதவியாளர் அண்ணனுக்கும், சிந்திய மணலைப் பெருக்கிய அக்காவுக்கும் நன்றி.

‘கொ’ அட்டையின் மூலப்படிவம் யாரிடம் இருக்கிறதோ அவர்கள் தயவுசெய்து வகுப்புக்குக் கொண்டுவாருங்கள். வியாசர்பாடியில் தொடக்கப்பள்ளி ஆசிரியை ஒருவர் பிரதி கேட்டிருக்கிறார். மணல் வாளி இன்னும் மாடிப்படிக்குக் கீழேதான் கிடக்கிறது. எடுத்துப் போகச் சொல்லி உதவியாளர் அண்ணன் இரண்டாம் முறையாக நினைவூட்டிவிட்டார்.

நன்றியுடன்,
கொருக்குப்பேட்டையிலிருந்து வரும் உங்கள் வகுப்புத் தோழி